இன்னொருவர் மூக்கு

எங்கள் வீட்டில் ரசம் நுரை கட்டும் நேரத்தில் அம்மா யாரையாவது கூப்பிடுவாள். கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றி, "உப்பு பாரு" என்பாள். விரத நாட்களில் அவள் வாயில் எதையும் வைப்பதில்லை. அன்றைக்கு மொத்தச் சமையலும் என் நாக்கை நம்பித்தான் இறங்கும். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓட முடியாது. "நல்லாருக்குன்னா என்னடா அர்த்தம்? உப்பு கூடவா, புளி தூக்கலா, அதச் சொல்லு" என்று நிறுத்திவைப்பாள்.

அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டது 2016 அக்டோபரில், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போர்ட்லாந்தில். பீர் காய்ச்சத் தேவையான மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) விற்கிற ஒரு கடையின் பின்னறை. மடக்கு மேசைகள், தண்ணீர் ஜாடி, உப்பில்லாத பிஸ்கட், குடிக்கப் பிடிக்காததைக் கொட்ட ஒரு வாளி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இருபது பேர் மாதம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டில் கொண்டுவருவார்கள். அடர்த்தி குறைந்தது முதலில், கறுப்பும் காட்டமும் கடைசியில் என்று வரிசைப்படுத்தி, சின்னக் கோப்பையில் இரண்டு மடக்கு அளவுக்கு எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அப்புறம் பேச்சு.

நான் கொண்டுபோனது பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர். என் மூன்றாவது முயற்சி. ஹாப்ஸ், கேஸ்கேட் ரகம். போர்ட்லாந்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் கார்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறை உருவாக்கி 1972இல் வெளியிட்டது. அமெரிக்க பீருக்கென்று ஒரு தனி மணம் உண்டானதில் இந்தப் பூவுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளூர்க்காரர்களிடம் உள்ளூர்ப் பூவைக் கொண்டுபோகிறோம் என்று எனக்கு ஒரு சந்தோஷம். 19 லிட்டர் காய்ச்சியிருந்தேன். தண்ணீரை 1 என்று வைத்தால், ஈஸ்ட் போடுவதற்கு முன் அடர்த்தி 1.052, நொதித்து முடிந்தபின் 1.012. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 5.25 சதவீதம். கணக்கு சுத்தமாக வந்திருந்தது.

குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எதிரே இருந்த ஒரு பெரியவர் மட்டும் பேசவில்லை. தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதுகளிலிருந்து காய்ச்சுகிறவர். கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்த கணத்தில் மூக்கை வைத்தார். பிறகு ஒரு மதிப்பெண் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அந்தத் தாள் பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பு வகுத்தது. 1985இல் தொடங்கிய அமைப்பு. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் எப்படி உட்காருகிறது என்பதற்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடிக்கும். பார்க்க அழகாக இருப்பதற்கு வெறும் 3. குப்பையாக இருந்தாலும் 13க்குக் கீழே போடாமலிருப்பது நடுவர்களின் மரியாதை; ஒருவர் தன் கையால் செய்து கொண்டுவந்து நீட்டியிருக்கிறார் அல்லவா.

எனக்கு வந்தது 23. தோற்றத்துக்கு மட்டும் முழு மதிப்பெண். 21 முதல் 29 வரை அந்தத் தாளில் 'நன்று' என்ற வகையில் வரும், ஆனால் கீழே சின்ன எழுத்தில் அதற்கு அர்த்தம் குறை இருக்கிறது என்பதுதான். பெரியவர் எழுதியிருந்த குறை ஒரே சொல்: பேண்ட் எய்ட். எனக்குப் புரியவில்லை. அவர் என் கோப்பையைக் கையால் மூடி என்னிடமே நீட்டி, "முகர்ந்து பார். உனக்கு என்ன வருகிறது? எனக்குத் தோன்றியது இருக்கட்டும்" என்றார்.

முகர்ந்தேன். முழங்காலில் ரத்தம், எரிச்சல், அப்பா கையில் பஞ்சு. "டெட்டால்" என்றேன்.

அந்த அறையில் யாருக்கும் டெட்டாலைத் தெரியவில்லை. அடுத்த மாதம் இந்தியக் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிப் போய் மேசையைச் சுற்றி அனுப்பினேன். செவிலியாக வேலை பார்க்கும் ஒரு பெண் மூடியைத் திறந்ததும், "இதுதான்! இது பேண்ட் எய்டைவிடச் சரியான சொல்" என்றார். சரியாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. டெட்டாலில் கிருமியைக் கொல்வது குளோரோசைலெனால் என்ற பொருள், அதாவது குளோரின் ஏறிய ஒரு ஃபீனால் வகை. என் பீரிலும் அதே குடும்பம்தான். போர்ட்லாந்துக் குழாயில் வருவது புல் ரன் என்ற காட்டு நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் மென்மையான மழைத்தண்ணீர், பீருக்கு அருமையானது. எந்த நகரத்துத் தண்ணீரையும் போல அதிலும் கிருமிநாசினி கலக்கிறார்கள், இங்கே குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். அதை நீக்காமல் நான் காய்ச்சிவிட்டேன். தண்ணீரின் குளோரினும் மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் ஃபீனால்களும் சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிட்டது. துளி அளவு போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். தீர்வு, அதை நீக்கும் ஒரு கேம்டன் மாத்திரை. 75 லிட்டருக்கு ஒன்று, நுணுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று தடவை காய்ச்சியும் எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. ஏனென்றால் நான் மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தேன், அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது.

அன்றிலிருந்து சொற்களைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பீர் குறைகளுக்கான சொற்பட்டியல் அமெரிக்கச் சமையலறையிலிருந்தும் மருந்துப் பெட்டியிலிருந்தும் வந்தது. டி.எம்.எஸ். என்ற கந்தகப் பொருளுக்கு 'டின்னில் அடைத்த மக்காச்சோளம்' என்பார்கள். நான் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன் இல்லை. எனக்கு அது முட்டைக்கோஸ் வேகும்போது மூடியைத் தூக்கினால் வருகிற ஆவி. வெளிர் மால்ட் கொதிக்கும்போது பாத்திரத்தை மூடிவைத்தால் அந்த வாடை உள்ளேயே தங்கிவிடும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். அசிட்டால்டிஹைடு என்ற இன்னொரு பொருளுக்கு 'பச்சை ஆப்பிள்' என்பார்கள். எனக்குப் பரங்கிக்காயை இரண்டாகப் பிளக்கும்போது குடலிலிருந்து எழும் அந்தப் பச்சை வாடை. அதைச் சொன்னபோது அனுபவமுள்ள நடுவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் பட்டியலிலும் வெட்டிய பூசணி என்று ஒரு சொல் இருக்கிறதாம். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் வரவேண்டும், அது குறை இல்லை, அந்த ஈஸ்ட்டின் குணம். அங்கே எனக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி. வாழைப்பழம் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளும் இடத்தில் என்னால் ரஸ்தாளியா, கனிந்து தோல் கறுத்த பூவனா என்று இன்னும் ஓர் அடி உள்ளே போக முடிகிறது.

தமிழில் மூக்குக்கு எவ்வளவு சொற்கள். மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவுச்சி, காறல், மக்கல், ஊசல். ஆங்கிலத்தில் அந்தக் கூட்டத்தில் பேசும்போது ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் முதலில் தமிழில்தான் தேடுகிறேன். பழைய ஹாப்ஸ் போட்ட பீரைக் குடித்தால் 'காறல்' என்று உடனே வருகிறது. அதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சொல் தேவைப்படுகிறது. பரவாயில்லை, நான்கும் சொல்கிறேன்.

ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் இதெல்லாம் அங்கே சட்டப்படி சரியா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம், அதனால் நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1933இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் 100 காலன், இருவர் இருந்தால் 200 காலன். வரி கிடையாது, ஆனால் விற்கக் கூடாது. மிசிசிப்பியும் அலபாமாவும் தங்கள் மாநிலச் சட்டத்தைத் தளர்த்த 2013 ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால் லாஸ் ஏஞ்சலஸின் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற குழு 1974லேயே தொடங்கிவிட்டது, சட்டம் வருவதற்கு நான்கு வருடம் முன்னால். எங்கள் நகரத்து ஒரேகன் ப்ரூ க்ரூ 1979இலிருந்து இருக்கிறது.

விற்கக் கூடாது என்பது என் மனதில் ஆழமாகப் பதிந்த விதி. விற்க முடியாத ஒன்றைக் கொடுக்க மட்டுமே முடியும். ஒரேகனில் அதற்கும் ஒரு தடை வந்தது. 2010இல் மாநிலச் சட்டத்தை அதிகாரிகள் வரிக்கு வரி வாசித்துப் பார்த்து, வீட்டில் காய்ச்சிய பீர் அந்த வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று விளக்கம் சொன்னார்கள். மாநிலக் கண்காட்சியின் வீட்டு பீர் போட்டி நின்றது. குழுக்கள் கூடிக் குடிக்க முடியாமல் போனது. காய்ச்சுகிறவர்கள் சேர்ந்து சட்டமன்றம் வரை போய், 2011இல் செனட் மசோதா 444 மூலம் அதைத் திருத்தவைத்தார்கள். பெரியவர் அந்த ஒரு வருடத்தைப் பற்றி வருத்தத்தோடு பேசுவார். "காய்ச்சுவதை யாரும் தடுக்கவில்லை. நான் காய்ச்சினேன். ஆனால் எது நன்றாக வந்தது என்று அந்த வருடம் எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் சொன்னது எனக்கு முழுமையாகப் புரிந்தது 2018இல். அந்த வருடம் முதல்முறையாக லாகர் என்ற, குளிரில் நொதிக்கும் பீர் வகையைக் காய்ச்சினேன். பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி, 11 டிகிரியில் பத்து நாள் நொதிக்கவிட்டு, பிறகு குளிரவைத்தேன். தங்கம் போல வந்தது. கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் "வெண்ணெய்" என்றார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் கோபமாகவே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கடையில் வாங்கிய லேசான லாகரில், ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு குறைக்கான பொருளை அளந்து கலந்து, எண் மட்டும் போட்டு வைத்தார்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன், நான்காம் எண்ணைத் தவிர. என் தாளில் நான்குக்கு நேரே 'கலப்பில்லாதது' என்று எழுதியிருந்தேன். அதில் இருந்தது டயாசிட்டைல். வெண்ணெய்க்கு வாசம் கொடுப்பதே அதுதான். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும், சிலருக்கு அதைப்போலப் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. நான் இரண்டாவது வகை. என் மூக்கில் அந்த இடத்தில் ஒரு ஓட்டை.

அன்று எனக்கு அவமானத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. என் கைக்கு எதுவும் ஆகவில்லை, என் மூக்குக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட் நொதிக்கும்போது ஒரு பொருளை வெளியே தள்ளும், அது பீருக்குள் டயாசிட்டைலாக மாறும், பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ள அதற்குச் சூடும் நேரமும் வேண்டும். நான் பத்தாம் நாளே குளிரவைத்து ஈஸ்ட்டைத் தூங்கப் போட்டுவிட்டேன். நொதித்து முடியும் நேரத்தில் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டிருக்க வேண்டும்.

இப்போது லாகரைக் குளிரவைப்பதற்கு முன் என் மனைவியைக் கூப்பிடுகிறேன். இரண்டு சின்னக் கண்ணாடிக் குவளையில் பீரை எடுத்து மூடி, ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறவிடுவேன். டயாசிட்டைலாக மாறாமல் ஒளிந்திருப்பதும் அந்தச் சூட்டில் வெளியே வந்துவிடும். அவள் பீர் குடிக்க மாட்டாள். முகர்ந்து மட்டும் பார்ப்பாள். "என்னங்க, சூடு பண்ணினதுல தியேட்டர் பாப்கார்ன் வருது" என்றால் இன்னும் மூன்று நாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றால் குளிர். அவள் சொல்வதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

குறை கேட்பதைவிடக் குறை சொல்வது கடினம். ஒரு இளைஞர் தன் தங்கையின் கல்யாண வரவேற்புக்கென்று காய்ச்சிய பீரைக் கொண்டுவந்தார். பாட்டில் கழுத்தில் உள்பக்கமாக ஒரு வெள்ளை வளையம். வாயில் வைத்ததும், ஒரு பகல் கூடுதலாக வெளியே இருந்துவிட்ட இட்லி மாவு. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் அதே இனத்துப் பாக்டீரியாக்கள் பீருக்குள் புகுந்தால் அந்தப் புளிப்பு வரும். வேறு சில பீர் வகைகளுக்கு அதை வேண்டுமென்றே போடுவார்கள். இது அந்த வகை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், "உன் பாத்திரம் சுத்தமில்லை" என்றார். இளைஞரின் முகம் சுருங்கிவிட்டது.

பெரியவர்தான் சரிசெய்தார். "அவர் பாத்திரத்தை நீ பார்த்தாயா? கோப்பையில் இருப்பதை மட்டும் சொல்." பிறகு இளைஞரிடம், எப்படிக் காய்ச்சினாய், எதில் ஊற்றினாய், எந்தக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பாட்டிலில் நிரப்பும் குழாயின் முனையில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருப்பதும், அதை ஒருநாளும் கழற்றிக் கழுவியதில்லை என்பதும் தெரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் சேர்ந்து புதிதாகக் காய்ச்சினோம்.

2020இல் கூட்டம் நின்றது. ஒருவர் வாசலில் ஒருவர் பாட்டிலை வைத்துவிட்டு வந்து, இரவு திரையில் முகம் பார்த்துக் குடித்தோம். 2021 தொடக்கத்தில் பெரியவருக்குக் கோவிட் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, மூக்கு போய்விட்டது. சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். திரும்பவில்லை. காப்பி அவருக்கு வெறும் கசப்பு, வெங்காயம் வெறும் நறநறப்பு. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் தெரிகிறது, மற்றது எதுவும் இல்லை.

காய்ச்சுவதை அவர் விடவில்லை. கூட்டம் மறுபடி தொடங்கியபோது பிட்டர் என்ற ஆங்கில பீர் வகை ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் கிழக்கு கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் என்ற பழைய ரக ஹாப்ஸ் போட்டது, அவர் நாற்பது வருடமாகக் காய்ச்சி வருவது, எங்கள் எல்லோருக்கும் அதன் மணம் மனப்பாடம். எனக்கு எதிரே உட்கார்ந்து ஊற்றினார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்" என்றார்.

உள்ளங்கையால் மூடிச் சுழற்றினேன். மழையில் நனைந்து காய்ந்த பள்ளி நோட்டுப் புத்தகம். ஹாப்ஸ் அமுங்கிப் போயிருந்தது. காற்றுப் பட்ட பீர். அதுவும் பாட்டிலில் வந்து பத்து நாள்கூட ஆகாத பீர். சுற்றி எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, யாரும் பேசவில்லை. நானும் ஒரு நிமிடம் பேசவில்லை. ரசம் உள்ளங்கையில் சொட்டும்போது அம்மாவின் முகம் எப்படி என்னையே பார்த்துக்கொண்டிருக்குமோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நனைந்த காகிதம்" என்றேன். "மணத்தில் லேசாக, விழுங்கிய பிறகு நன்றாகவே. ஹாப்ஸ் கிட்டத்தட்ட இல்லை. மால்ட் நன்றாக இருக்கிறது, கசப்பு சரியான அளவு." எழுதிக்கொண்டார். எப்படிக் காய்ச்சினீர்கள் என்று அவர் எங்களைக் கேட்பது போலவே கேட்டேன். எல்லாம் எப்போதும் போலத்தான். பாட்டில், குழாய், மூடி எல்லாம் பழையபடி. பிறகு பேனாவை வைத்துவிட்டு, "தொட்டியின் மூடியைத் திறந்தேன்" என்றார்.

"எத்தனை தடவை?"

"தினமும். ஏதாவது வாசனை வருகிறதா என்று பார்க்க."

நொதித்து முடிந்த பீருக்குமேல் இருக்கும் கரியமில வாயுதான் அதைக் காக்கும் போர்வை. அவர் ஒவ்வொரு காலையும் அதை விலக்கிவிட்டு முகத்தை உள்ளே வைத்திருக்கிறார். அந்த மேசையில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. செவிலிப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை காய்ச்சியபோது மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, தேதி எழுதி, அதைக் கிழிக்காமல் இரண்டு வாரம் வைத்திருந்தாராம். பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் முன்னால் எனக்கு ஊற்றினார். முகர்ந்தேன்.

"ஆரஞ்சு" என்றேன்.

"தோலா, சுளையா?"

இன்னொரு தடவை மூடி, சுழற்றி, முகர்ந்தேன். "தோல். காய்ந்தது இல்லை, அப்போதுதான் உரித்தது."

எழுதிக்கொண்டார்.